16 மாதப் பிள்ளை அரைக்காத சாப்பாடு எதையும் விழுங்குறான் இல்லை – என்ன செய்யலாம்?

உப்புவெளி அம்மா:
மகனுக்கு 16 மாதம். சோறு, பருப்பு, பூசணி எல்லாத்தையும் பிளெண்டரில தண்ணியா அடிச்சால் ஒரு கோப்பை முடிப்பான். கையால மசிச்சுக் குடுத்தால் முதல் கரண்டியிலேயே ஓங்காளிக்கிறான், சில நேரம் சத்தியும் எடுக்கிறான். நேற்று பருப்புத் தண்ணிக்குள்ள இடியப்பத்தைப் பிச்சுப் போட்டுக் குடுத்தன், அதையும் துப்பிப்போட்டான். ஆனால் பிஸ்கட், முறுக்கு தானே கையில எடுத்துக் கடிக்கிறான். பல் 8 வந்திட்டுது. பால்மா ஒரு நாளைக்கு 4 போத்தல், ஒவ்வொண்டும் 240 மில்லி. கிளினிக் கொப்பியில நிறைக் கோடு ரெண்டு மாதமா ஏறாமல் படுத்திருக்கு. எங்க இருந்து தொடங்கிறது?

கிளினிக் அக்கா:
தங்கச்சி, முதல்ல நாலு விசயம் சொல்லுங்கோ. தண்ணி, பால் குடிக்கேக்க இருமுறானா? குடிச்ச பிறகு குரல் சளி கட்டினமாதிரிக் கரகரக்குதா? அடிக்கடி நெஞ்சுச்சளி வருதா? சாப்பாடு மூக்கால வருதா? இதில ஒண்டு இருந்தாலும் வீட்டில பழக்கிப் பார்க்க வேண்டாம். மிட்வைப் மிஸ்ஸிட்டச் சொல்லி பெரியாஸ்பத்திரி குழந்தை கிளினிக்குக்கு அனுப்புற துண்டு (கடிதம்) எடுங்கோ. விழுங்குறதைப் பார்க்கிறது பேச்சு சிகிச்சையாளர்மாரின்ர வேலைதான், அங்கயிருந்து அவையளிட்ட அனுப்புவினம்.

உப்புவெளி அம்மா:
நாலுமே இல்லை அக்கா. தண்ணி கோப்பையால நல்லாக் குடிப்பான்.

கிளினிக் அக்கா:
அப்ப உங்கட கேள்விக்குள்ளேயே விடை கிடக்கு. பிஸ்கட் கடிக்கிற பிள்ளைக்குத் தாடையில பலம் இருக்கு. பழகாதது நாக்கு. அரைச்ச கூழுக்கு நாக்கு முன்னுக்கும் பின்னுக்கும் மட்டும் போனால் காணும். கட்டிச் சாப்பாட்டை நாக்கு பக்கவாட்டில தள்ளி முரசுக்குக் குடுக்க வேணும். 6 மாதத்தில தொடங்கி 9, 10 மாதத்துக்குள்ள சின்னக் கட்டிகளுக்கு வந்திருந்தால் இது தானாய் வந்திருக்கும். அதோட கூழைமட்டும் கண்ட வாயில ஓங்காளம் எழும்புற இடம் நாக்கின்ர முன்பக்கமே நிக்கும். கட்டி பட்டுப் பட்டுத்தான் அது பின்னுக்குப் போகும். பிள்ளை பிடிவாதத்தில செய்யேல்லை, அதால அதட்டாதேங்கோ.

இடியப்பம் ஏன் சரிவரேல்லை எண்டால், தண்ணியும் கட்டியும் கலந்ததுதான் எல்லாத்திலயும் கஷ்டமான சாப்பாடு. தண்ணி தொண்டைக்கு ஓட, கட்டி நாக்கில தனிச்சு நிக்கும். சூப்புக்குள்ள மரக்கறித் துண்டும் அப்பிடித்தான். புட்டு வேற மாதிரி, வாய் முழுக்கச் சிதறும், ஒண்டு சேர்க்கத் தெரியாது. இந்த மூண்டையும் கடைசிக்கு வையுங்கோ.

வேலையை ரெண்டாப் பிரியுங்கோ. வயிறு நிரப்புறது கரண்டிச் சாப்பாடு, கடிச்சு மெல்லுறதுக்குப் பழக்குறது வேற நேரம்.

கரண்டிச் சாப்பாட்டில ருசியை மாத்தாமல் தடிப்பை மட்டும் மாத்துங்கோ. முதல் 4, 5 நாள் அதே சோறு பருப்பு, தண்ணி விடாமல் அடியுங்கோ. கரண்டியைச் சரிச்சால் விழாமல் ஒட்டி நிக்க வேணும். பிறகு பிளெண்டரை ஓட விடாமல், ஒரு நொடி அமத்தி விடுறதை மூண்டு தரம் மட்டும். அதுக்குப் பிறகு பிளெண்டரைக் கழுவி மேல வையுங்கோ. குறுணல் அரிசி ஒரு பங்கு, வறுத்த பயறு அரைப் பங்கு, தண்ணி ஆறு பங்கு விட்டுக் குழைய அவிச்சு, முள்ளுக்கரண்டியால மசிச்சு, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விடுங்கோ. எல்லாக் குறுணலும் ஒரே அளவா இருக்கிறதுதான் இதில விசயம். வழுவழுப்பான கூழுக்குள்ள ஒரு கட்டி திடீரெண்டு வந்தால் உடனே துப்புவான். ஒரு படியில ரெண்டு நாள் தொடர்ந்து மறுத்தால் முந்தின படிக்குப் போய் மூண்டு நாள் நில்லுங்கோ.

மெல்லுறதுக்குப் பழக்குறது சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முந்தி, 5 நிமிசம். அவிச்ச வற்றாளங்கிழங்கு, பூசணி, பழுத்த பப்பாசி, பெரியாளின்ர விரல் நீளத்துக்கு வெட்டினது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில நசிச்சால் நசிய வேணும், நசியாட்டில் இன்னும் அவியுங்கோ. துண்டை நாக்கின்ர நடுவில வைக்காமல் கன்னப் பக்கம், கடைவாய்ப் பல் முளைக்கிற முரசில வையுங்கோ. அவன் கடிக்கிறமட்டும் நீங்கள் நுனியைப் பிடிச்சிருங்கோ. வலது பக்கம் மூண்டு கடி, இடது பக்கம் மூண்டு. துப்பினால் பரவாயில்லை, கடிச்சதே கணக்கு. முறுக்கை நிப்பாட்டுங்கோ, அது கூராய் உடைஞ்சு தொண்டையில நிக்கும்.

பாலையூற்று தாத்தா:
பிள்ளை, பால் 960 மில்லி எண்டால் பசி எங்க வரும்? ஒரு வயசுக்கு மேல நாளைக்கு 500 மில்லிக்குள்ள நிக்க வேணும். அதுக்கு மேல போனால் இரும்புச்சத்தும் குறையும், இரும்பு குறைஞ்சால் பசி இன்னும் படுக்கும். ஒரேயடியா நிப்பாட்டாதேங்கோ. மூண்டு நாளைக்கொருக்கால் ஒவ்வொரு போத்தலிலயும் 30 மில்லி குறையுங்கோ. சாப்பாட்டுக்கு முந்தின போத்தல்தான் முதல் போக வேணும். நித்திரைப் போத்தல் கடைசி. சாப்பாட்டுக்கு முந்தி ரெண்டு மணித்தியாலம் தண்ணியும் அந்த 5 நிமிசக் கடிப் பழக்கமும் தவிர ஒண்டும் வேண்டாம், பிஸ்கட்டும் சேர்த்துத்தான். பிளேன்டீ இந்த வயசில வேண்டவே வேண்டாம், அது சாப்பாட்டு இரும்பைப் பிடிச்சு வைச்சிருக்கும்.

இருத்துற விதத்தையும் பாருங்கோ. மடியில சாய்ச்சு வைச்சு ஊட்டினால் நாக்கு பின்னுக்கு விழும். நிமிர்ந்து, கால் ரெண்டும் எதிலயாவது ஊண்டி இருக்க வேணும். கதிரையில கால் தொங்கினால் கீழ ஒரு பெட்டியை வையுங்கோ.

நிலாவெளி மருமகள்:
மீனுக்கு அறக்குளா, பாரை நல்லம், முள்ளுப் பெரிசு, எடுக்க லேசு. அவிச்ச பிறகு விரலால மாவாய் உதிர்த்து ரெண்டு தரம் தடவிப் பாருங்கோ. சூடை மீன் இப்ப வேண்டாம். வெறுமனே குடுத்தால் மீன் நாராய் வரண்டு நிக்கும், அதால மசிச்ச வற்றாளங்கிழங்கோட குழைச்சு உருட்டுங்கோ. கோழி ஈரலும் அவிச்சு மசிச்சால் வெண்ணெய்மாதிரி வரும், கிழமைக்கொருக்கா ஒரு மேசைக்கரண்டி போதும். புட்டை எருமைத் தயிரும் கதலிப்பழமும் சேர்த்துப் பிசைஞ்சால் சிதறாது, ஆனால் அது ஒரு மாதத்துக்குப் பிறகு.

உப்புவெளி அம்மா:
12 நாள் ஆச்சு. பால் 600க்கு வந்திட்டுது, குறுணல் கஞ்சி அரைக் கோப்பை போகுது. இப்ப புதுப் பிரச்சினை. வற்றாளங்கிழங்கைக் கடிச்சுக் கன்னத்துக்குள்ள ஒதுக்கி வைச்சிருக்கிறான், கால் மணித்தியாலமானாலும் விழுங்குறான் இல்லை. ஓங்காளிக்கேக்க மாமி முதுகில அடிக்கிறா, அது சரியோ?

கிளினிக் அக்கா:
ஒதுக்குறது, கடிச்சதைத் திருப்பி நாக்குக்கு எடுக்கத் தெரியாததால. துண்டைப் பயத்தங்காய் விதை அளவுக்குச் சின்னனாக்குங்கோ. முதல் துண்டு போகாமல் அடுத்தது வேண்டாம். வெளியில இருந்து கன்னத்தை விரலால மெல்லத் தடவிவிட்டு, ஒரு மிடறு தண்ணி கோப்பையால குடுங்கோ. நீங்கள் வாயைத் திறந்து மென்று காட்டுங்கோ, பார்த்துத்தான் பழகுவான். 20 நிமிசத்துக்கு மேல இருத்தாதேங்கோ. எழும்ப முந்தி வாய்க்குள்ள பாருங்கோ, ஒதுக்கினதோட படுத்தால் ஆபத்து.

மாமிக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கோ. ஓங்காளிச்சால் சத்தம் இருக்கும், இருமுவான், முகம் சிவக்கும். அப்ப அடிக்கவும் வேண்டாம், வாய்க்குள்ள விரல் விடவும் வேண்டாம், அடிச்சால் கட்டி உள்ளுக்குப் போகலாம். தானே வெளியில தள்ளுவான். சத்தமே வராமல், இரும ஏலாமல், உதடு நீலிச்சால்தான் அடைப்பு. உடனே முன்னுக்குக் குனியப் பிடிச்சு தோள்பட்டைகளுக்கு நடுவில உள்ளங்கையின்ர அடியால 5 அடி. போகாட்டில் பின்னால நிண்டு தொப்புளுக்கு மேல, நெஞ்செலும்புக்குக் கீழ கையை வைச்சு உள்ளுக்கும் மேலுக்குமா 5 தள்ளு. வெளியில வரும்வரைக்கும் மாறி மாறிச் செய்யுங்கோ. பக்கத்தில நிக்கிறவர் 1990 அம்புலன்சுக்கு எடுக்கட்டும். நினைவு தப்பினால் தரையில கிடத்தி நெஞ்சமுக்கத் தொடங்க வேணும். மாமி இதை ஒரு பொம்மையில செய்து பார்க்கட்டும்.

நிறையை அடுத்த கிளினிக்கில கட்டாயம் போடுங்கோ. அதிலயும் கோடு ஏறாட்டில் காத்திருக்காமல் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எடுங்கோ, ரத்தத்தில ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கோ.