கடலோர மணலில் கருந்தோல் மாதுளை: வளர்த்தவர்களின் அனுபவங்கள்

இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளி வட்டாரத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் வீட்டுத் தோட்டத்துக் கருந்தோல் மாதுளையை முதன்முதலாகப் பார்ப்பவர்கள், காய் வெம்பிவிட்டதோ என்றுதான் கேட்கிறார்கள். பிஞ்சாக இருக்கும்போதே தோல் கருநீலக் கத்தரிக்காயின் நிறத்துக்கு வந்துவிடுவதால் அந்த ஐயம் எழுவது இயல்பே. சிவப்புக்கும் ஊதாவுக்கும் காரணமான ஆந்தோசயனின் என்னும் நிறமி இவ்வகையின் தோலில் இளம் பருவத்திலேயே திரண்டுவிடுகிறது. ஈரானின் யஸ்த் பகுதியில் பயிராகும் கரும் மாதுளைக்கும் இதே இயல்புதான். ஆகவே கணேஷ், பகுவா போன்ற வகைகளில் நிறம் மாறுவதைக் கொண்டு பறிப்பதைப்போல் இதில் பறிக்க முடியாது. மாதுளை பறித்த பின் பழுக்கும் கனியும் அன்று என்பதால், அவசரப்பட்டுப் பறித்த காய் புளித்த காயாகவே நின்றுவிடும். தோலின் பளபளப்பு மங்குவது, உருண்டையாக இருந்த காயின் பக்கங்கள் தட்டையாகி விளிம்பு தெரிவது, மகுடத்தின் இதழ்கள் உள்நோக்கி வளைவது ஆகிய மூன்றும் சேர்ந்து தெரிந்த பிறகே நான் கத்தரிக்கோலை எடுப்பேன்.

உள்ளே இருக்கும் முத்துகளும் கருஞ்சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் பலர். தோலின் நிறமும் முத்தின் நிறமும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. அத்துடன் கடும் வெப்பத்தில் முதிரும் பழத்தின் முத்துகளில் நிறமி குறைவாகவே சேரும். எங்கள் மரத்தில் ஆடி மாதத்தில் அறுத்த பழத்தின் முத்து வெளிறிய இளஞ்சிவப்பாகவும், தை மாதத்தில் அறுத்தது நல்ல சிவப்பாகவும் இருப்பதை ஆண்டுதோறும் காண்கிறேன்.

இந்தக் கரையில் மாதுளை வளர்ப்பின் உண்மையான கேள்வி தண்ணீர்தான். மணலில் மேலாகத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அது உப்பு நீரின்மேல் மிதக்கும் மெல்லிய அடுக்கு என்பதால், மோட்டார் வைத்து இழுத்தால் சில நாள்களிலேயே சவர்த்துவிடும். மாதுளை ஓரளவு உப்பைத் தாங்கும் மரமே என்றாலும், கோடையில் சவர் நீரை மட்டுமே குடித்த மரத்தின் இலை நுனியும் ஓரமும் கருகுகின்றன, பூவும் உதிர்கிறது. மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. வேரைச் சுற்றிப் படிந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்குவதும் அந்த மழையே. அதனால் ஆவணியில் வரும் பூவைத்தான் நான் பெரும்பாலும் காய்க்கு விடுகிறேன். மழை பெய்யும்போது காய் சிறிதாக இருக்கிறது, நல்ல தண்ணீரில் பருக்கிறது, மழை ஓய்ந்து வாடைக்காற்றின் குளிர்ச்சி நிலவும் தை, மாசியில் முதிர்கிறது. அப்போது மண் திடீரென்று காய்ந்து பிறகு திடீரென்று நனைந்தால் தோல் வெடிக்கும் என்பதால், மழைநீர்த் தொட்டியில் சேர்த்த தண்ணீரைச் சிறிது சிறிதாக, இடைவெளி மாறாமல் விடுகிறேன். மரத்தடியில் பனையோலையைத் தடிப்பாகப் பரப்பியிருப்பதால் ஈரம் நிற்கிறது.

தொண்டியிலிருந்து ஓர் உறுப்பினர்:

உச்சிப்புளி நண்பர் கூறும் பருவம் அவருடைய மணலுக்குப் பொருந்தலாம். எங்கள் வீட்டு மண் களி கலந்தது. கார்த்திகை மழையில் மரத்தடியில் நீர் தேங்குவதால் ஆவணிப் பூவில் வந்த பிஞ்சுகள் புள்ளி விழுந்து கொட்டிவிடுகின்றன. எனவே 60 செ.மீ. குழியில் மணலும் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பி, அதன்மேல் மேடு கட்டி நட்ட மரத்தில், தைப் பூவையே விட்டு ஆடியில் பறிக்கிறேன். முத்து வெளிறினாலும் பழம் முழுதாகக் கைக்கு வருகிறது. ஒரு சிரமம் உண்டு: மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்கு வெயில் படும் பக்கத்துத் தோல் வெந்து தடித்துவிடுகிறது. அந்தப் பக்கக் கிளைகளைக் கவாத்தில் வெட்டாமல் இலை நிழலை விட்டுவைப்பது பெரிதும் உதவுகிறது.

பழத்துளைப்பான் புழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவந்த பழத்தில் துளை எளிதாகத் தெரியும். கருந்தோலில் கண்ணுக்குப் படாது, துளையின் வாயில் ஒட்டியிருக்கும் எச்சத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிஞ்சு எலுமிச்சை அளவு வந்ததும் மெல்லிய துணிப்பையால் கட்டிவிடுங்கள். பூ உதிர்வதைக் கண்டு கலங்குபவர்களுக்கு ஒரு செய்தி: அடிப்பகுதி ஒடுங்கி மணி வடிவில் இருக்கும் பூ காய்க்காது, அது உதிரவே செய்யும், அடி பருத்து ஜாடி வடிவில் இருக்கும் பூவே காயாகும்.

கீழக்கரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

துபாயில் வேலை செய்யும் என் காக்கா (அண்ணன்), அங்கே கிடைக்கும் கரும் மாதுளைக் கன்று ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி செய்யும் நாட்டின் நலச் சான்றும் இல்லாமல் கன்றைக் கொண்டுவரக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு நோய் அதனுடன் வந்தால் நம் பகுதி மரங்கள் அனைத்தும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். விதையும் வழியாகாது. உறவினர் வீட்டுக் கருந்தோல் பழத்தின் விதையிலிருந்து எங்கள் வீட்டில் முளைத்த மரம் சாதாரணச் செந்தோல் காயைத்தான் காய்த்தது. தாய் மரத்தின் தன்மை அப்படியே வர வேண்டுமானால், காய்ப்பை நேரில் பார்த்த மரத்திலிருந்து பென்சில் கனமுள்ள முற்றிய குச்சியையோ, மழைக்காலத்தில் கட்டிய விண்பதியத்தையோதான் (மரத்துக் கிளையிலேயே வேர்விடச் செய்த பதியம்) எடுக்க வேண்டும். உச்சிப்புளி நண்பர் இசைந்தால், வரும் ஐப்பசியில் அவருடைய மரத்தில் ஒரு பதியம் கட்டிக்கொள்ள விரும்புகிறேன். எங்கள் வீட்டிலும் மணல்தான்.