ஏரி விராலை இரவில் எடுத்து விற்பது: வலையைத் தடுப்பதா, விற்பனையைத் தடுப்பதா?

பாகூர் தூண்டில்:
செங்கால் ஓடையில் மழைத்தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. வீராணம் ஏரியில் விரால் குஞ்சு பொரிக்கிற காலம். இதே நேரத்தில்தான் குத்தகையும் இல்லாமல் உரிமமும் இல்லாமல் ராத்திரியில் நரம்பு வலை, அதாவது மீனைச் செவுளில் மாட்டவைக்கிற நைலான் செவுள் வலை, இறங்குகிறது. விடிவதற்குள் மீன் பிளாஸ்டிக் டிரம்மில் ஏறிக் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் போய்விடுகிறது. ஏலம் கிடையாது, பில் கிடையாது. புதுச்சேரிப் பக்கம் எங்கள் பாகூர் ஏரியிலும் நிலைமை இதேதான்.

விராலைத் தெரிந்தவர்களுக்கு நான் ஏன் பதறுகிறேன் என்று புரியும். குஞ்சு பொரித்ததும் தாயும் தகப்பனும் அதை விட்டு நகராது. செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒரே திரளாக மேலே வந்து காற்றை வாங்கிவிட்டு இறங்கும். அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுவதுபோலத் தண்ணீர் சலசலக்கும். அதற்குக் கொஞ்சம் கீழே பெரியது இரண்டும் நிற்கும். திருட்டு வலைக்காரர் தேடுவது இந்தச் சலசலப்பைத்தான். சுற்றி வலை போட்டால் ஜோடியாகக் கிடைக்கும். காவல் போனதும் ஜிலேபியும் கெளுத்தியும் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். ஒரு ராத்திரியில் இரண்டு மீன் போனது என்று நினைக்காதீர்கள், அடுத்த வருடத்து ஏரியே போகிறது.

வலையைப் பிடுங்கினால் அடுத்த நாள் புது வலை வரும், நரம்பு வலை அவ்வளவு மலிவு. விற்க இடமில்லை என்றால்தான் இது நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏரி விரால் விற்பனைக்கே வரக்கூடாது. பண்ணை விரால் விற்பவர் எந்தப் பண்ணை என்று சீட்டு காட்டட்டும். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

கந்தகுமாரன் கரை:
தம்பி, மூன்று தலைமுறையாக வீராணத்தின் இந்தக் கரையில் வீச்சு வலை வைத்துப் பிழைக்கிற வீடு எங்களுடையது. நீங்கள் சொன்ன விஷயம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் திருட்டு வலை என்று நீங்கள் எழுதினால் போலீஸ் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

அப்புறம், தூண்டில்காரர்கள் பற்றி ஒரு வார்த்தையும் உங்கள் பதிவில் இல்லையே? ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியிலிருந்து பைக்கில் வருகிறார்கள். ரப்பர் தவளை மாட்டின தூண்டிலைக் குஞ்சுத் திரளுக்கு மேலேயே இழுக்கிறார்கள். தாய் மீனுக்கு அப்போது பசி கிடையாது, குஞ்சைக் காப்பாற்றத்தான் பாய்ந்து கடிக்கிறது. கரைக்கு இழுத்து, படம் எடுத்து, அளந்து, பிறகு "விட்டுவிட்டோம்" என்கிறார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் குஞ்சுகளின் கதி என்ன? வலைக்காரன் வயிற்றுக்காக எடுக்கிறான், இவர்கள் விளையாட்டுக்காக எடுக்கிறார்கள். குஞ்சுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சிதம்பரம் சட்டம்:
சட்டம் என்ன சொல்கிறது என்று மட்டும் சொல்கிறேன். அடிப்படைச் சட்டம் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம். அதில் 4ஆம் பிரிவு வெடி வைத்து மீன் கொல்வதையும், 5ஆம் பிரிவு நீரில் விஷம் கலப்பதையும் குற்றமாக்குகிறது. மூலச் சட்டப்படி இரண்டு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். எந்த வலை, வலைக்கண் எவ்வளவு அளவு, எப்படிப் பயன்படுத்துவது என்பதை மாநில அரசு 6ஆம் பிரிவின் கீழ் விதியாகப் போடலாம். குறிப்பிட்ட நீர்நிலையில் இரண்டு ஆண்டு வரை மீன்பிடிப்பை முழுதாக நிறுத்தவும் அதே பிரிவில் இடம் இருக்கிறது. விதியை மீறினால் மூலச் சட்டத்தில் 100 ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து மீறினால் நாளுக்குப் பத்து ரூபாய் வரை.

மாநிலங்கள் இதைத் திருத்திக்கொள்ளலாம் என்பது வேறு விஷயம். ஆனால் மூலத்தில் இருக்கிற தொகையைப் பாருங்கள். ஒரு உயிர் விரால் விற்கிற விலைக்குக் கீழே நிற்கிறது. அதனால் பாகூர் நண்பர் சொல்வதுபோல விற்கிற இடத்தில் கை வைப்பது சரி என்றே எனக்குப் படுகிறது. ஊசுட்டேரி போன்ற சரணாலயம் என்றால் கதை வேறு. அங்கே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிடும், அது கடுமையானது.

முதுநகர் மீன்கடை:
எல்லாரும் கடைக்காரன் தலையிலேயே கட்டப் பார்க்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலில் விசைப்படகுக்குத் தடை. அப்போது ஏரி மீனைக் கேட்டுத்தான் ஜனம் வரும். ஐப்பசி கார்த்திகையில் புயல் கூண்டு ஏறினால் படகு போகாது, அப்போதும் அதேதான். நான் வாங்கவில்லை என்றால் பக்கத்துக் கடை வாங்கும். இல்லை என்றால் ரோட்டோரத்தில் டிரம்மோடு நின்று விற்பார்கள், அங்கே யார் போய்ச் சீட்டு கேட்பது?

இன்னொன்று. பண்ணை விரால் எது, ஏரி விரால் எது என்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்? விடிகாலை நாலு மணிக்கு டிரம் மூடியைத் திறந்து பார்த்துச் சொல்ல முடியுமா?

கந்தகுமாரன் கரை:
முடியும் அண்ணே. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பண்ணையில் தீனி போட்டு வளர்த்த விரால் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். ஏரி விரால் டிரம்மில் பெரியதும் சிறியதும் கலந்து கிடக்கும். செவுள் வலையில் மாட்டினதற்குக் கழுத்தைச் சுற்றி நூல் பதிந்த கோடு இருக்கும், அந்த இடத்தில் செதில் உதிர்ந்திருக்கும். இந்த மாதத்தில் வயிற்றை அமுக்கினால் முட்டை தெரியும்.

பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்து ஷாக் கொடுத்து எடுத்தது என்றால் வெட்டும்போது தெரிந்துவிடும். முதுகெலும்பை ஒட்டி ரத்தம் கட்டியிருக்கும், சிலதில் எலும்பே முறிந்திருக்கும். அதை நாங்கள் தொடமாட்டோம். வலை கண்ணுக்குத் தகுந்த மீனை எடுக்கும், ஷாக் குஞ்சு குருமான் எல்லாவற்றையும் அடிக்கும். எடுக்கப் போகிறவனுக்கே உயிர் போகும்.

வலையில் கிடந்த விரால் உயிரோடு வருவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். விரால் மேலே வந்து காற்று வாங்காமல் இருக்க முடியாது. செவுள் வலையில் மாட்டி மேலே வர முடியாமல் போனால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். உயிர் விராலுக்குத்தான் விலை. அதனால் ராத்திரி முழுக்க ஒரு ஆள் படுக்காமல் வலையைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் வெளியில் முன்பணம் வாங்கின ஏழை. பணம் கொடுத்தவர் ஏரிக்கரைக்கு வருவதே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், பிடிக்கிறவனைப் பிடித்தால் தப்பான ஆளைப் பிடித்ததாகும்.

நெல்லிக்குப்பத்து அக்கா:
வாங்குகிற பக்கத்திலிருந்து நான் பேசுகிறேன். எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கும் ஆபரேஷன் ஆனவருக்கும் விரால் குழம்பு கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறும் என்பார்கள். அதுவும் ஏரி விரால்தான் வேண்டும், பண்ணை விரால் வேண்டாம் என்று மாமியார்கள் அடம்பிடிப்பார்கள். என் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது எங்கள் வீட்டிலும் இதே பேச்சு. பண்ணை விராலைத்தான் வாங்கிச் சமைத்தேன், அவளுக்கு ஒரு குறையும் இல்லை. முட்டையோடு இருக்கிற மீனை வாங்கித் தாய்க்குப் பத்தியச் சாப்பாடு போடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

கடைக்காரர் தம்பிக்கு ஒரு வார்த்தை. "ஏரி விரால்" என்று கூவித்தானே கூட விலை சொல்கிறீர்கள்? அப்படிச் சொல்ல முடிகிறவருக்கு எந்த ஏரி, யார் பிடித்தது என்று சொல்வதும் முடியும்.

சேத்தியாத்தோப்பு பார்வை:
அரைகுறை வழியெல்லாம் வேலைக்கு ஆகாது. வக்கீல் சொன்ன அந்த இரண்டு வருடத் தடையைக் கொண்டு வாருங்கள். ஏரிகளில் வலையே வேண்டாம். கடலுக்கு 61 நாள் தடை போட்டால் மீனவர் கேட்கவில்லையா?

ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாரும் பேசவில்லையே. 2000இலேயே மத்திய அரசு தடை செய்த மீன். திருட்டுத்தனமாகக் குட்டையில் வளர்க்கிறார்கள், கறிக்கடைக் கழிவைப் போடுகிறார்கள். 2015 வெள்ளத்தில் கடலூர் மாவட்டத்தில் எத்தனை குட்டை உடைந்து எத்தனை ஏரியில் கலந்தது என்று நினைத்துப் பாருங்கள். அதுவும் காற்றை வாங்கிப் பிழைக்கும், கிடைத்ததை எல்லாம் தின்னும். விரால் குஞ்சு அதன் வாயில் போனது எவ்வளவோ! தடை செய்த மீனையே சந்தையில் நிறுத்த முடியவில்லை. அப்படியிருக்க விராலுக்குச் சீட்டு, ரசீது என்பதெல்லாம் நடக்கிற காரியமா?

கந்தகுமாரன் கரை:
கடலோடு ஒப்பிடாதீர்கள் ஐயா. கடல் தடைக்காலத்தில் நிவாரணம் கிடைக்கிறது. எனக்குத் தெரிந்து எங்கள் கரையில் அப்படி யார் கையிலும் பணம் வந்ததில்லை. இரண்டு வருடம் வலையே வேண்டாம் என்றால் கரையில் நாங்கள் இருக்கமாட்டோம். நாங்கள் இல்லாத ஏரியில் ராத்திரி டார்ச் அடித்து "யாரது" என்று கேட்க ஆள் ஏது? திருடனுக்கு அதைவிட வசதி வேண்டுமா?

எல்லாரும் விட்டுவிட்ட விஷயம் ஒன்று உண்டு: மீன்பாசி ஏலம், அதாவது ஏரியில் மீன் பிடிக்கிற உரிமைக்கான ஏலம். ஏரி குளத்தைக் குத்தகை எடுக்கிறவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுதான் விடுகிறார். விரால் அந்தக் குஞ்சைத் தின்னும். ஆக அவர் கணக்கில் விரால் ஒழிய வேண்டிய மீன். யாரோ ராத்திரி விராலை எடுத்தால் அவருக்கு நஷ்டம் இல்லை, சந்தோஷம்தான். அதனால்தான் புகார் கொடுக்க ஆளே இல்லை. விராலை யாரும் விடவில்லை, அதுவாக வந்து பெருகுகிறது, அதனால் அதற்குச் சொந்தக்காரனும் இல்லை.

பாகூர் தூண்டில்:
அண்ணே, இந்தக் குத்தகை விஷயம்தான் முடிச்சு என்று இப்போது தோன்றுகிறது. தூண்டில்காரர்களைப் பற்றிச் சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும். குஞ்சுத் திரள் மேல் தவளை இழுப்பது எங்களில் பல பேர் செய்கிற வேலை, பெருமையாகப் படம் போடுகிற வேலையும்கூட. அதற்கு நியாயம் சொல்ல நான் வரவில்லை. விற்பனைக்கு மூன்று மாதம் தடை கேட்கிறேன் என்றால் அந்த மூன்று மாதம் தூண்டிலும் இறங்கக்கூடாது. எங்கள் ஆட்களிடம் நானே பேசுகிறேன்.

ஆனால் சேத்தியாத்தோப்பு நண்பரின் முழுத் தடையை என்னால் ஏற்க முடியாது. ஆப்பிரிக்கக் கெளுத்தித் தடை தோற்றதற்குக் காரணம் விற்கிற இடத்தில் யாரும் கேட்காததுதான். அது என் வாதத்துக்குத்தான் பலம்.

முதுநகர் மீன்கடை:
சரி, கடலூரில் கேட்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வண்டி கடலூருக்கு வராது, நேரே புதுச்சேரி எல்லையைத் தாண்டிவிடும். கன்னியக்கோயில் எவ்வளவு தூரம்? அங்கே வேறு அரசு, வேறு துறை. நான் நேர்மையாகச் சீட்டு வைத்து விற்பேன், எல்லைக்கு அந்தப் பக்கம் சீட்டு இல்லாமல் விற்பான். வாடிக்கை யாரிடம் போகும்? இதற்குப் பதில் சொல்லாமல் கடைக்காரனைக் குற்றம் சொல்லாதீர்கள்.

சிதம்பரம் சட்டம்:
கடைக்காரர் கேட்பது நியாயமான கேள்வி. இரண்டு பக்கமும் ஒரே மாதத்தில் ஒரே விதி இல்லாவிட்டால் பயன் இல்லை. ஆனால் குத்தகை நிபந்தனையை மாற்றுவதற்குப் புதுச்சேரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏல நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் போதும். அதை மீறினால் குத்தகையை ரத்து செய்யலாம், 100 ரூபாய் அபராதத்தைவிட அது வலிக்கும்.

கந்தகுமாரன் கரை:
நவம்பர் 1 கிராம சபையில் நான் எழுந்து கேட்கிறேன். இரண்டே தீர்மானம். ஒன்று, மீன்பாசி ஏலத்தில் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் செவுள் வலை கூடாது, வீச்சு வலைக்கு மட்டும் அனுமதி என்று எழுத வேண்டும். மார்கழிவரை வேண்டும் என்று தம்பி கேட்பார், அவ்வளவு நாள் எங்கள் வீடு தாங்காது. இரண்டு, ராத்திரிக் காவலுக்குக் கரையிலுள்ள எங்கள் ஆட்களையே கூலிக்கு வைக்க வேண்டும், அந்தக் கூலியைக் குத்தகைதாரர் கொடுக்க வேண்டும். வீச்சு வலையில் விரால் வந்தால் திரும்ப விடுவதற்கு எங்கள் தெருவில் நான் பொறுப்பு. வக்கீல் சார், தீர்மானத்தை எழுதிக் கொடுங்கள், என் எழுத்து அவ்வளவு நன்றாக இருக்காது.

சேத்தியாத்தோப்பு பார்வை:
இரண்டு மாதம் போதாது என்றுதான் இப்போதும் சொல்கிறேன். ஆனால் கிராம சபைக்கு வருகிறேன்.

பாகூர் தூண்டில்:
எங்கள் பக்கம் கிராம சபை என்று போய் நிற்க முடியாது. 2006 தேர்தலில் வந்தவர்கள் காலம் 2011இல் முடிந்தது, அதன் பிறகு பல வருடமாக உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. அதனால் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையருக்கும் மீன்வளத் துறைக்கும் மனு கொடுக்கிறேன். உங்கள் தீர்மானத்தின் நகலை அனுப்புங்கள் அண்ணே, அதே மாதங்களைப் போட்டே எழுதுகிறேன். முதுநகர் அண்ணனும் கையெழுத்துப் போட்டால் எல்லைக் கேள்வியை மனுவில் முதல் வரியாக வைக்கிறேன்.

முதுநகர் மீன்கடை:
மனுவை முதலில் காட்டுங்கள். படித்துவிட்டுச் சொல்கிறேன்.