மாதுளைத் தோல் சாறு: பி.டி. நீள்கிறது, ரீகால்சிஃபிகேஷன் நேரம் குறைகிறது. உதவி தேவை

வணக்கம். ரத்த உறைதல் சோதனை செய்பவர்களும் தாவர வேதியியல் தெரிந்தவர்களும் கொஞ்சம் பாருங்கள். மாதுளைத் தோல் சாறு விட்டால் பி.டி. (புரோத்ராம்பின் டைம், திராம்போபிளாஸ்டின் என்ற ரீஏஜென்ட் சேர்த்தபின் பிளாஸ்மா உறையும் நேரம்) நீள்கிறது, ரீகால்சிஃபிகேஷன் நேரம் (கால்சியம் மட்டும் திரும்பச் சேர்த்தபின் உறையும் நேரம்) குறைகிறது. செய்முறை இது:

3.2% சோடியம் சிட்ரேட் 1 பங்கு, ரத்தம் 9 பங்கு. 1500 ஜி-யில் 15 நிமிடம் சுற்றிய பிளாஸ்மா. 90 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவில் சாறு 10 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் 5 நிமிடம். பி.டி.க்கு திராம்போபிளாஸ்டின் 200 மைக்ரோலிட்டர், ரீகால்சிஃபிகேஷன் நேரத்துக்கு 0.025 மோலார் கால்சியம் குளோரைடு 100 மைக்ரோலிட்டர். சாறுக்குப் பதில் சலைன் விட்ட கண்ட்ரோல் சரியாக வருகிறது. சாறின் பி.எச். 7.4க்குக் கொண்டுவந்தாயிற்று.

சாறு விட்டதும் பிளாஸ்மா லேசாகக் கலங்கி, குழாயின் அடியில் பழுப்புத் துகள் படிகிறது. தோலின் துவர்ப்புப் பொருளான டானின் புரதத்தைப் பிடித்து இறக்குவதுதான் இது. அப்படியானால் பி.டி. நீள்வதை உறைதல் தடுப்பு என்று எழுதுவது தவறு. ரீகால்சிஃபிகேஷன் நேரம் குறைவதற்கு மாதுளைத் தோலில் உள்ள எலாஜிக் அமிலத்தின் மேல் சந்தேகம். அது 12ஆம் காரணியை (உறைதலின் ஒரு வழியைத் தொடங்கிவைக்கும் பிளாஸ்மா புரதம்) தூண்டும், ஏ.பி.டி.டி. (இன்னொரு உறைதல் நேரச் சோதனை) ரீஏஜென்ட் சிலவற்றில் அதைத்தான் சேர்க்கிறார்கள். கண்ணாடிக் குழாயும் இதையே செய்யும் என்பதால் பிளாஸ்டிக்தான் பயன்படுத்துகிறோம்.

பி.வி.பி.பி. (டானினைப் பிடித்துக்கொள்ளும் பாலிமர் பொடி) போட்டு டானினை எடுத்தால் எலாஜிக் அமிலமும் கூடவே போய்விடுமே, இரண்டையும் எப்படிப் பிரிக்கிறீர்கள்? கார்ன் டிரிப்சின் இன்ஹிபிட்டர் சேர்த்து 12ஆம் காரணியை அடக்கிப் பார்த்தவர்கள் உண்டா? ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவுக்கு எத்தனை மைக்ரோகிராம், ரத்தம் எடுக்கும்போதே சேர்க்க வேண்டுமா?

திராம்பின் டைமும் ஃபைப்ரினோஜன் அளவும் அடுத்து பார்க்கப் போகிறோம். அதற்குமுன் பதில் கிடைத்தால் பெரிய உதவி.