இருபது வரை சொல்கிறான், நாலு கரண்டி எடுத்துவரத் தெரியவில்லை

தோட்டத்து மருமகள்:
நாங்கள் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான், அதாவது குடியிருப்பு. மகனுக்கு நாலரை வயது. இருபது வரை மூச்சுவிடாமல் சொல்வான், பதினேழை மட்டும் முழுங்கிவிடுவான். நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது "நாலு கரண்டி எடுத்து வா" என்றேன். கை கொள்ளாமல் அள்ளி வந்தான். எண்ணச் சொன்னால் விரல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் ஓடுகிறது. ஏழு கரண்டி பதினொன்றாகிவிட்டது. சரி, மொத்தம் எத்தனை என்றால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறான்.

கைப்பேசியில் ஒரு கணக்கு விளையாட்டும் போட்டுக் கொடுத்தேன். தப்பாகத் தொட்டாலும் ஒன்றும் ஆகாதாம். நாலு பலூனையும் வரிசையாகக் குத்தி நட்சத்திரம் வாங்கிவிடுகிறான், கெட்டிக்காரன். வேறு என்ன விளையாட்டு கொடுக்கலாம்? மாமியார் பல்லாங்குழி என்கிறார். பலகைக்கு எங்கே போவது?

லோரிக்காரன்:
பலகை எதற்குச் சகோதரி, முட்டை அட்டை இருக்கிறதே. ஏழு குழி இல்லாவிட்டால் என்ன, ஆளுக்கு ஐந்து போதும். என் மகள் அதில்தான் பழகினாள். பால்மரக் கொட்டை, ரப்பர் கொட்டைதான், பொறுக்கிப் போட்டோம்.

பழைய பாலர் பள்ளி டீச்சர்:
தம்பி, பால்மரக் கொட்டை வேண்டாம். பச்சையாகக் கடித்தால் விஷம். புளியங்கொட்டை போடுங்கள், அதையும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பயப்படாதேம்மா. உன் மகனுக்கு எண்கள் இப்போதைக்கு ஒரு பாட்டு. கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இந்த வயதில் நிறைய பிள்ளைகளுக்குப் பிடிபடாது. குழிக்கு ஒரு கொட்டையாகப் போடவிடு; கை நின்றால் வாயும் நிற்க வேண்டும். ஜெயிப்பது தோற்பது எல்லாம் அப்புறம். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் 'பசு' என்று எடுப்போமே, அதை மட்டும் விடாதே. எண்ணாமலே நாலைக் கண் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. வாசல் சிமெண்டில் சாக்பீஸால் ஒன்று முதல் பத்து வரை நேராகக் கட்டம் போடு. சீட்டில் ஒன்று, இரண்டு மட்டும் எழுதிக் கவிழ்த்து வை. ஐந்தில் நிற்கும்போது இரண்டு வந்தால், 'ஒன்று, இரண்டு' என்று தாண்டக்கூடாது, 'ஆறு, ஏழு' என்று சொல்லித் தாண்ட வேண்டும். சூட்சுமமே அங்கேதான். 2008-இல் அமெரிக்காவில் சீக்ளர், ராமானி என்ற இரண்டு ஆய்வாளர்கள் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பலகை கொடுத்துப் பார்த்தார்கள். கால் மணி நேரம், நாலே தடவை. எண் எழுதிய பலகையில் ஆடியவர்கள் தேறினார்கள். எண் இல்லாமல் நிறம் மட்டும் பூசிய பலகையில் ஆடியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

பதினேழு தானாக வரும். பத்துக் குச்சி ஒரு கட்டு, பக்கத்தில் ஏழு குச்சி வைத்துக் காட்டு.

தோட்டத்து மருமகள்:
டீச்சர், இரண்டு வாரம் ஆகிவிட்டது. மழையில் கட்டம் மூன்று தடவை அழிந்துவிட்டது, மாமியார்தான் மறுபடி மறுபடி போடுகிறார். நேற்று தட்டில் நாலு கரிபாப் வைத்தேன். எண்ணவே இல்லை, "பசு!" என்று கத்திவிட்டு நாலையும் எடுத்துக்கொண்டான். கரண்டி கேட்டால் மட்டும் இன்னும் ஐந்து வருகிறது.