இலை போட்டாகிவிட்டது

பனங்காட்டான் எழுதுகிறார்:

எங்கள் கிராமம் நாசரேத்துக்குப் பக்கம். இருபது பேரைச் சேர்த்துச் சீட்டு நடத்தினேன். ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், இருபது மாதம். பாதிக்கு மேல் எங்கள் சபையார். சீக்கிரமே ஏலம் எடுத்த இருவர் எட்டாம் மாதம் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். இது ஊரறிந்த கதை. ஊர் அறியாதது, அதே பணத்தில் 60,000 ரூபாயை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நான் எடுத்திருந்தேன் என்பது. ஓடிப்போனவர்கள் கணக்கிலேயே அதையும் எழுதிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் வீடு வீடாகப் போய் உண்மையைச் சொன்னேன். சொன்னதும் பாரம் இறங்கிவிட்டது என்று சாட்சி கூறுவார்கள். எனக்கு அப்படி எதுவும் இறங்கவில்லை.

அதன்பின் கடைத்தெருவில் எதிரே வருபவர்களின் செருப்பைப் பார்த்தே நடந்தேன். ஆராதனையில் முதல் பாட்டு தொடங்கிய பிறகுதான் உள்ளே போவேன். வாசலோரக் கடைசி வரிசை. ஆசீர்வாதம் கூறுவதற்குள் வெளியே வந்துவிடுவேன். ஏழு மாதம் திருவிருந்துக்கு எழுந்திருக்கவில்லை.

கோயில் அர்ப்பணிக்கப்பட்ட நாளை நினைவுகூரும் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது. அன்று அசனம். எங்கள் பக்கத்தார் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆளாளுக்குக் கொடுத்த அரிசியும் ஆடும் கோயில் வளாகத்திலேயே சமைக்கப்படும், சபை முழுவதும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும். நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். கோயில் பணிகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வந்து தட்டினார்.

"இலை போட்டாகிவிட்டது, அண்ணாச்சி."

பசியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஆணியில் கிடந்த என் சட்டையை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

பந்தியில் குழம்பு வாளியோடு வந்தவர் மேலத்தெரு அக்கா. மகள் திருமணத்துக்காகச் சீட்டுக் கட்டியவர். என் திண்ணையில் உட்கார்ந்து அழுதவர். நான் தலை நிமிரவில்லை. வாளியும் கையும் மட்டும் தெரிந்தன. கரண்டி சாய்ந்தது. "எலும்பாக விழுந்துவிட்டது, பொறுங்கள்" என்று அடியில் கிளறி இரண்டு கறித்துண்டுகளை எடுத்து வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

அன்றிரவு யோவான் சுவிசேஷத்தை எடுத்தேன். இயேசுவை அறியேன் என்று சீடன் பேதுரு மூன்று முறை மறுதலித்தபோது குளிர்காய்ந்தது கரிநெருப்பில். உயிர்த்தெழுந்த இயேசு திபேரியா கடற்கரையில் மீன் வைத்துக் காத்திருந்ததும் கரிநெருப்பில். அந்த நெருப்பைப் பார்த்ததும் பேதுருவுக்கு வயிறு கலங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். இயேசுவோ முதலில் சாப்பிடத்தான் அழைக்கிறார். "நீ என்னை நேசிக்கிறாயா" என்ற கேள்வி சாப்பிட்ட பிறகு வருகிறது, அதுவும் மூன்று முறை. கேள்வி இல்லாமல் விட்டுவிடவில்லை. ஆனால் பசியோடு நிறுத்தி வைத்துக் கேட்கவில்லை. எத்தனையோ முறை கேட்ட பகுதிதான். அந்த வரிசை அன்றுதான் கண்ணில் பட்டது.

கடன் அடைய நான்கு ஆண்டுகள் ஆயின. இரண்டு வீட்டார் இன்றும் பேசுவதில்லை. அதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

உப்பளத்தார் எழுதுகிறார்:

கொடுத்துவைத்தவர் நீங்கள். எனக்குத் திருமண முறிவு ஏற்பட்டபோது ஜெபக்குறிப்பு என்ற பெயரில் என் கதையைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள். "சகோதரிக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்கினாலே எனக்கு இன்னும் உடம்பு கூசுகிறது. கோயிலை விட்டேன், வேதத்தின் சங்கீதப் புத்தகத்தை விடவில்லை. 25-ஆம் சங்கீதத்தில் தாவீது தன்னைத் தனித்தவன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறான். ராஜாவே சொல்லலாம் என்றால் நானும் சொல்லலாம்.

கிணற்றோரம் எழுதுகிறார்:

என்னுடையது யாருக்கும் தெரியாத வெட்கம். குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போவதாக ஊரில் சொல்லிவிட்டு வந்தேன். செய்வது வீட்டு வேலை. அம்மாவுக்குப் புகைப்படம் அனுப்ப, நர்சாக இருக்கும் தோழியின் வெள்ளை அங்கியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

இங்கே வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பதால் ஆராதனையும் அன்றுதான். வீட்டார் விட்டால் போவேன்; மாதத்தில் ஒரு முறை கிடைக்கும். மற்ற நாட்களில் இரவு சமையலறையில், சத்தம் குறைத்த கைபேசியில் வேதம் கேட்பேன். அப்படித்தான் ஆகார் வந்தாள். நாச்சியாரிடமிருந்து, அதாவது தன் எஜமானியிடமிருந்து, வனாந்தரத்துக்கு ஓடிய வேலைக்காரி. எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று தூதன் இரண்டு கேள்விகள் கேட்கிறான். முதல் கேள்விக்கு மட்டும் அவளிடம் பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு என்னிடமும் இல்லை.

திரும்பிப் போய் நாச்சியாருக்கு அடங்கியிரு என்று தூதன் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. இன்றும் அங்கே மனம் முரண்டுகிறது. ஆனால் அந்தப் பெண் ஆண்டவருக்கே ஒரு பெயர் வைக்கிறாள்: என்னைக் காண்கிறவர். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கையை நிறுத்தி அதை மறுபடி கேட்டேன். அங்கி இல்லாமல், ஈரக் கையோடு நின்ற என்னையும் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தபோது, விசித்திரம், ஒளிந்துகொள்ளத் தோன்றவில்லை.

போன மாதம் ஆராதனை முடிந்து பக்கத்தில் இருந்த அக்கா என்ன வேலை என்று கேட்டார். வீட்டு வேலை என்றேன். எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று மட்டும் கேட்டார்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. டிசம்பரில் ஊருக்குப் போகிறேன். அந்தப் புகைப்படத்தைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருப்பதாகத் தம்பி சொன்னான்.