டெல்டாவுக்கு அரசுக் கருத்தரிப்பு மையம் தேவையா?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):
சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 2024இல் செயற்கைக் கருத்தரிப்பு மையம் திறந்தார்கள். தஞ்சாவூரிலும் அப்படி ஒன்று கேட்டு மனு கொடுக்கலாம் என்றிருக்கிறேன். தனியாரிடம் ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) ஒரு சுற்றுக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் ஆகிறது. நூறு நாள் வேலைக்கு 2024-25இல் கூலி 319 ரூபாய். நூறு நாளும் முழுதாகக் கிடைத்தாலும் 31,900தான். ஆயுஷ்மான் பாரத் திட்டமோ குழந்தைப்பேற்றுச் சிகிச்சையை விலக்குப் பட்டியலில் வைத்திருக்கிறது. நடவுக்குப் போகிற பெண் என்ன செய்வாள்? காசு உள்ளவர்களுக்கு மருத்துவம், இல்லாதவர்களுக்குத் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் பிள்ளை வரத்துக்குத் தரும் நெய் என்று விட்டுவிடுவதா?

அரசலாறு (கும்பகோணம்):
கர்ப்பரட்சாம்பிகை சன்னிதிக்குக் காரில் வருகிறவர்களும் உண்டு, நடந்து வருகிறவர்களும் உண்டு. அதை ஏழைகளின் கதியாகக் காட்ட வேண்டாம். மனுவையும் நான் ஆதரிக்கவில்லை. டயாலிசிஸுக்கும் புற்றுநோய்க்கும் காத்துக் கிடக்கிறவர்கள் இருக்கும்போது, உயிருக்கு ஆபத்தில்லாத ஒன்றுக்கு அரசுப் பணம் எதற்கு? ஒரு சுற்று ஐவிஎஃப் செய்தால் பாதிப் பேருக்கு மேல் கரு தங்குவதில்லை என்பதையும் மனுவில் எழுதுவீர்களா?

வெண்ணாற்றங்கரை:
எழுதுகிறேன். காசநோய் கருக்குழாயை அடைத்துவிடும் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். நம் நாட்டில் குழாய் அடைப்புக்கு அது ஒரு முக்கியக் காரணம். வறுமையில் வந்த நோய் அது. அதற்கு மாத்திரை இலவசம், அது விட்டுச்சென்ற குறைக்கு மட்டும் சொந்தப் பணமா? இரண்டு குழாயும் அடைத்திருந்தால் ஐவிஎஃப் தவிரப் பெரிதாக வழியில்லை.

எங்கள் தெருவில் ஒரு தம்பதி தாலிக்கொடியை அடகு வைத்துச் சிகிச்சைக்குப் போனார்கள். முட்டை வளரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி. அதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். அவர்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. பெட்டிக்கடையில் சோடா பாட்டில்களுக்கு நடுவே வைத்தார்கள், தெரு முழுக்கத் தெரிந்துபோனது. கடைசி ஊசி இரவு 11 மணிக்கு. அதிலிருந்து ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டையை எடுத்தாக வேண்டும் என்பதால் நேரம் தவறக் கூடாது. அந்த வேளையில் எங்கள் ஊரில் ஊசி போட யார் இருக்கிறார்கள்? இப்படிப்பட்டவர்களை 300 கிலோமீட்டருக்கு அப்பால் எழும்பூருக்குப் போகச் சொல்கிறீர்கள்.

செவிலி (ஒரத்தநாடு):
ஐயா, நீங்கள் இருவருமே பணத்தைப் பேசுகிறீர்கள். நான் மகப்பேறு பிரிவில் வேலை பார்க்கிறேன். பணம் கரைவதற்கு முன்பே காலம் கரைந்துவிடுகிறது. ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு நிற்காவிட்டால் இருவரும் பரிசோதனைக்கு வர வேண்டும். பெண்ணுக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே வர வேண்டும். இங்கே மாமியார் மருமகளை மட்டும் அழைத்து வருகிறார். ஸ்கேன், ரத்தம், குழாய்ப் பரிசோதனை எல்லாம் அவளுக்குத்தான். மகனைக் கேட்டால், "அவனுக்கென்ன குறை?" என்று சண்டைக்கு வருகிறார். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை சில நூறு ரூபாயில் முடிகிற காரியம்.

வருகிற ஆணையும் நாமே விரட்டுகிறோம். ஓர் ஆய்வகத்தில் தனி அறை இல்லை. வரிசையில் நிற்பவர்கள் பார்க்க, டப்பாவைக் கையில் கொடுத்துப் பொதுக் கழிப்பறையைக் காட்டினார்கள். வீட்டிலிருந்து கொண்டுவருவதென்றால் உடம்புச் சூடு ஆறாமல் ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். மினி பஸ்ஸை நம்பி வருகிறவரால் முடியுமா? அந்த மனிதர் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மனைவிக்கு மட்டும் மருந்து தொடர்ந்தது.

தானமாகப் பெற்ற விந்து என்று பேச்செடுத்தால் முதல் கேள்வி, "என்ன சாதி?" என்பதுதான். பெரிய மையம் கட்டினாலும் இவையெல்லாம் வாசலில் வந்து நிற்கும்.

அரசலாறு:
சகோதரி சொல்வதுதான் என் அச்சத்துக்கும் காரணம். இன்று இரண்டு முறை தோற்ற பெண், "இனிப் பணமில்லை" என்று சொல்லித் தன் உடம்பைக் காத்துக்கொள்கிறாள். நாளை இலவசம் என்றால் அந்தக் காரணமும் போய்விடும். "அரசே செய்கிறது, போ" என்று வீடே அவளைத் தள்ளும். வளைகாப்பில் ஓரமாக நிறுத்துகிற அதே ஊர்தான் அவளை ஊசிக்கும் அனுப்பும்.

வெண்ணாற்றங்கரை:
ஏழையாக இருப்பது அவளுக்குப் பாதுகாப்பு என்கிறீர்களா? அதை என்னால் ஏற்கவே முடியாது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை, வேண்டும் என்று சொல்ல வழியிருக்கிறவளுக்குத்தான் உண்டு.

கடல் கடந்தவன் (முத்துப்பேட்டை):
நான் கத்தாரில் இருக்கிறேன். வருடத்துக்கு ஒரு மாத விடுப்பு. அந்த மாதத்தில் கரு நிற்கவில்லை என்றால் அடுத்த வருடம்தான். ஊரில் என் மனைவியைத்தான் கேட்கிறார்கள். விந்தை உறைய வைத்துவிட்டுப் போகலாம், நான் இல்லாதபோதும் சிகிச்சை நடக்கலாம் என்று இத்தனை வருடத்தில் எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. சகோதரி, இது சட்டப்படி சரிதானா? எங்கள் பகுதியில் பாதி வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அதனால் கேட்கிறேன்.

செவிலி:
சரிதான். 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற மையமாக இருக்க வேண்டும், இருவரும் எழுத்துமூலம் சம்மதம் தர வேண்டும். பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வயது வரை அனுமதி. ஆனால் வயது வரம்பு இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த விடுப்பிலேயே முதலில் உங்கள் பரிசோதனையை முடித்துவிடுங்கள். அதற்கு முன் இரண்டு நாளாவது, ஏழு நாளுக்கு மிகாமல், உறவு கூடாது.

அரசலாறு:
தாலுகா மருத்துவமனைதோறும் ஆண்களுக்குத் தனி அறையோடு பரிசோதனை, கணவனின் முடிவு வராமல் மனைவிக்குச் சிகிச்சை தொடங்கக் கூடாது என்ற விதி, இந்த இரண்டை மட்டும் கேட்டு மனு எழுதுங்கள், நான் கையெழுத்திடுகிறேன். ஐவிஎஃப் மையத்துக்கு மாட்டேன்.

வெண்ணாற்றங்கரை:
குழாய் அடைத்த பெண்ணுக்கு அந்த அறையால் என்ன பயன்? மூன்றையும் ஒரே மனுவில்தான் எழுதப் போகிறேன். மையம் முதல் கோரிக்கை.

செவிலி:
தனி அறையை முதலில் போடுங்கள் ஐயா. அடுத்த மாதமே செய்யக்கூடியது அதுதான்.