சி-90 கேசட் சிக்குமா, சிக்காதா?

நாடா நேசன்:
நேத்து இங்கே ஒருத்தர் எழுதியிருக்கார்: "80-கள்ல கேசட்ல பாட்டு பதிஞ்சு கொடுத்த ரெக்கார்டிங் சென்டர்காரங்க சி-90 வேண்டாம், சி-60 வாங்குங்கன்னு சொன்னது ரெண்டு கேசட் விக்கத்தான்." படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது. சி-60 (ரெண்டு பக்கமும் சேர்ந்து 60 நிமிஷம்) நாடாவோட தடிமன் சுமார் 18 மைக்ரான், அதாவது மில்லிமீட்டர்ல ஆயிரத்துல 18 பங்கு; சி-90 (90 நிமிஷம்) சுமார் 12. அதே கூட்டுக்குள்ள 86 மீட்டருக்குப் பதிலா 129 மீட்டர் அடைக்கணும்னா நாடா மெல்லிசாத்தான் இருக்கும். மெல்லிசு சிக்கும். இதுல தந்திரம் எங்கே?

எல்பி தாசன்:
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். ஒரு படத்தோட எல்.பி. இசைத்தட்டு ரெண்டு பக்கமும் சேர்ந்து 40 நிமிஷம் வரும். சி-90-ல பக்கத்துக்கு ஒரு படம். சி-60-ல 30 நிமிஷத்துல பாட்டு பாதியில அறுந்துடும், இன்னொரு கேசட் வாங்கணும். லாபம் யாருக்கு?

நாடா நேசன்:
12 மைக்ரானுக்குப் பதில் சொல்லுங்க.

டெக் மெக்கானிக்:
நாடாவை விடுங்க, கேசட் ஓட்டுற டெக்கைப் பாருங்க. கேப்ஸ்டனும் (சுழலுற உலோகத் தண்டு) அதுல நாடாவை அழுத்துற பிஞ்ச் ரோலரும் (ரப்பர் உருளை) நாடாவை செகண்டுக்கு 4.76 செ.மீ. தள்ளும். தள்ளினதை வலது ஸ்பூல் உடனே சுருட்டணும். ஸ்பூலைச் சுத்த வைக்கிற பெல்ட் தளர்ந்தா சுருட்டாது. நாடா தேங்கி, பிசுக்கேறின ரோலர்ல ஒட்டிச் சுத்திக்கும். கேசட் இல்லாம ப்ளே அழுத்தி ஸ்பூலை விரலால தொடுங்க. தொட்டதும் நின்னா பெல்ட் போச்சு. அந்த டெக்ல 18 மைக்ரானும் சிக்கும். நாடாவைப் படிக்கிற ஹெட்டையும் கேப்ஸ்டனையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல துடைங்க. ரப்பர் ரோலருக்கு சோப்புத் தண்ணி போதும், நல்லா காயட்டும்.

எல்பி தாசன்:
யூடிகொலோன்ல ஹெட் துடைக்கலாம்னு போன மாசம் சொன்னது நீங்கதானே?

டெக் மெக்கானிக்:
நான் இல்ல, நாடா நேசன். அதுல வாசனை எண்ணெய் இருக்கு, ஹெட்ல படலமாத் தங்கும். அப்பவே சொன்னேன்.

நாடா நேசன்:
பழசைக் கிளறாதீங்க. ஒரே டெக்ல சி-60 ஓடுது, சி-90 சிக்குது. ஏன்? 12 மைக்ரான்!

டெக் மெக்கானிக்:
பெல்ட் தளர்ற கட்டத்துல இருக்கிற டெக் அது, அதான். டெக் கையேடுகள் பலதும் வேண்டாம்னு சொன்னது 9 மைக்ரான் சி-120-ஐ. சி-90-ஓட நிஜக் குறை வேற: நாடா மெல்லிசுங்கறதால ஒரு சுற்றுல இருக்கிற பதிவு அடுத்த சுற்றுல காந்தமா ஏறி, பாட்டு தொடங்குறதுக்கு முன்னாடியே மெலிசா எதிரொலி கேக்கும். அதை யாராவது பேசினீங்களா?

கிராமபோன் ரசிகன்:
எந்த கேசட்டா இருந்தா என்ன, ஜால்ரா சத்தமே மழுங்கித்தானே கேக்கும். எல்.பி.-தான் இசை.

டெக் மெக்கானிக்:
ஹெட் சாய்வு சரியில்லாததுக்கு கேசட்டைத் திட்டாதீங்க. ஹெட் பக்கத்துல ஸ்பிரிங் போட்ட ஸ்க்ரூவை ஜால்ரா பளிச்சுன்னு வர்ற வரைக்கும் மெல்லத் திருப்பணும். கம்பெனியே பதிஞ்சு வித்த கேசட்டை வச்சுத்தான் செய்யணும். கோணலாப் பதிஞ்ச கேசட்டுக்குத் திருப்பினா மத்ததெல்லாம் மழுங்கிடும்.

எல்பி தாசன்:
இவ்வளவு பேசியும் ரெண்டு கேசட் லாபத்துக்கு யாரும் பதில் சொல்லல.

நாடா நேசன்:
12 மைக்ரானுக்கும்தான்.

டெக் மெக்கானிக்:
முதல்ல பெல்ட்டை மாத்திட்டு வாங்க ரெண்டு பேரும்.